பாஸ்டரம்மா சொன்ன பதில்

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் பாஸ்டர் பொன்சிங் மூன்று சட்டை மாற்றிவிட்டார். வானொலிப் பேட்டியில் சட்டை தெரியாது என்று ஹெப்சிபா சொல்லவில்லை. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு, கணவர் எப்போது சண்டைக்குக் கிளம்புகிறார் என்று தெரியாதா?

"நீலமா, வெள்ளையா?"

"வெள்ளை நல்லாருக்கும்."

"வெள்ளை போட்டா சமாதானம் பேசப் போறவன் மாதிரி இருக்கும். நீலத்தையே எடு."

பத்து நாளாக அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மனுகாவ் மண்டபத்தில் நடந்த சுகமளிக்கும் கூட்டத்தில் தியாகலிங்கம் என்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் மேடையேறினார். நெற்றியில் திருநீறு. பதினெட்டு வருடச் சர்க்கரை வியாதி. பாஸ்டர் அவர் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "இனி நீங்கள் ஊசிக்கு அடிமை இல்லை!" என்று முழங்கினார். அறுநூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பெரியவர் வீட்டுக்குப் போய் இன்சுலினை நிறுத்தினார். பன்னிரண்டாம் நாள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தவர் அப்படியே நினைவு தப்பி விழுந்தார்.

அவர் மகள் சுகந்தினி, மேடையில் எடுத்த காணொளியையும், அப்பா மூக்கில் குழாயோடு கிடக்கும் படத்தையும் சேர்த்து முகநூலில் போட்டாள். 'என் அப்பாவுக்கு யார் பொறுப்பு?' என்று நான்கே சொற்கள் எழுதியிருந்தாள். ஆக்லாந்துத் தமிழர் மத்தியில் பற்றிய நெருப்பு, ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் வாசலில் வந்து மணியடிக்கிற வரைக்கும் போய்விட்டது.

வேறு யாராக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். பொன்சிங் அப்படிப்பட்டவர் அல்ல. போன ஞாயிற்றுக்கிழமை தன்னைத் திட்டி எழுதியவற்றையெல்லாம் தாளில் அச்செடுத்து, பிரசங்க மேடையில் நின்று ஒவ்வொன்றாக வாசித்தார். "கள்ளத் தீர்க்கதரிசின்னு எழுதின சகோதரர், அதுல மூணு எழுத்துப்பிழை விட்டிருக்கார். அவர் ஆத்துமாவுக்காகவும் ஜெபிப்போம், அவர் தமிழுக்காகவும் ஜெபிப்போம்." சபை குலுங்கிச் சிரித்தது. சபை மூப்பர் ராஜமணி, 'வருந்துகிறோம்' என்று இரண்டு வரியில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டுவந்து காட்டினார். பாஸ்டர் அதை நான்காகக் கிழித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார்.

ஹெப்சிபாவும் அன்று எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, ஏன் சிரித்தோம் என்று இருந்தது.

இதே மனிதர்தான் பாபடோயிட்டோயில் ஒரு கராஜில் ஏழு பேரை வைத்து சபை தொடங்கினார். விமான நிலையத்தில் பெட்டி தூக்கிவிட்டு வந்து, கை கழுவின ஈரத்தோடு பைபிளைத் திறப்பார். பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டு சமோவாக்காரர் சண்டைக்கு வந்தபோது, கேக் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம் இருந்து பேசிவிட்டு வந்தார். அடுத்த மாதம் அந்த சமோவாக்காரர் கிட்டாரோடு சபைக்கு வந்தார். குறை சொன்னவர் வீட்டுக்குக் கேக் எடுத்துக்கொண்டு போன அந்த மனிதர் எந்த வருடத்தில், எந்த ஞாயிற்றுக்கிழமையில் காணாமல் போனார் என்று ஹெப்சிபாவால் யோசித்துப் பார்த்தும் சொல்ல முடியவில்லை.

"பெனிட்டா வரலியா?" என்று கேட்டார் பாஸ்டர், நீலச் சட்டையின் கைப்பட்டனைப் போட்டபடி.

"சர்ச்சுக்குப் போயிட்டா. நாளைக்கு லைவ் போகணும்ல, கேமரா செட் பண்ணுதா."

மகளுக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நேரலை முழுக்க அவள் பொறுப்பு. பத்து நாளாக அப்பாவிடம் அவள் பேசும் ஒரே சொல், 'ஓகே'.

"நீ என் பக்கத்துல இருந்தா போதும், ஹெப்சி. பேச வேண்டாம். நீ இருக்கேன்னு ரேடியோக்காரன் சொன்னாலே கேக்கிறவங்களுக்கு ஒரு இது வரும்."

அவள் தலையாட்டினாள். பத்து நாளாக அவள் நெஞ்சில் ஒரு சொல் முள்ளாக நின்றுகொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது.

*

ஒனிஹங்கா கடைத்தெருவில், மீன் பொரித்து விற்கிற கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் வானொலி நிலையம். கௌசிகன் வாரநாளில் வங்கியில் வேலை பார்ப்பவன். சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தமிழ் நிகழ்ச்சி நடத்துவான். எண்ணெய் வாசம் தரை வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாஸ்டர், சுத்தி வளைக்காமக் கேக்கிறன். அந்தப் பெரியவரை ஊசி நிப்பாட்டச் சொன்னீங்களா, இல்லையா?"

"காணொளி முழுசா உலகத்துக்கு முன்னால இருக்கு, தம்பி. நிறுத்துங்கள் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததா? காட்டுங்கள்."

வீட்டில் பேசுகிற திருநெல்வேலித் தமிழ் போய், மேடைத் தமிழ் வந்துவிட்டிருந்தது.

"இனி ஊசிக்கு அடிமை இல்லை எண்டு சொன்னீங்கள்."

"அது ஜெபம். மருந்துச் சீட்டு இல்லை."

கௌசிகன் ஒரு கணம் தடுமாறினான். என்ன அழகாகச் சொல்லிவிட்டார் என்று ஹெப்சிபாவின் மனம் பெருமைப்பட்டது. பெருமைப்பட்டதற்காக அடுத்த நொடியே கூசியது.

"சுகந்தினி லைனில இருக்கிறா. அவவோட கதைக்கிறீங்களா?"

"தாராளமாக. நான் யாருக்கும் ஒளிந்தவன் இல்லை."

தொலைபேசியில் வந்த குரல் நடுங்கவில்லை. அழுது முடித்தவர்களின் குரல் அது.

"பாஸ்டர், என்ட அப்பாவின்ட கிட்னி பாதி போயிட்டுது. உங்களிட்ட ஒரு சொல்லுத்தான் கேக்கிறன். மன்னிப்புக் கேப்பீங்களா?"

"தங்கச்சி, உங்கள் தகப்பனாருக்காக நான் தினமும் முழங்காலில் நிற்கிறேன். ஆனால் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டால் அது பொய். என் தேவனைத் தவிர வேறு யார் முன்னாலும் நான் மண்டியிட மாட்டேன். பத்திரிகைக்கும் மாட்டேன், முகநூலுக்கும் மாட்டேன்."

"அப்பா ஊசி நிப்பாட்டினது உங்களுக்குத் தெரியாதோ?"

"அவர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் தெரியும். கர்த்தர் சாட்சி."

"அப்ப அவர் தானாவே நிப்பாட்டினவரோ? ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

பாஸ்டர் ஒலிவாங்கியை நெருங்கி உட்கார்ந்தார். சவால் விடுகிறபோது அவர் தோள் ஒரு அங்குலம் உயரும். அது உயர்ந்ததை ஹெப்சிபா பார்த்தாள்.

"என் சபையில் ஒருவராவது, ஒரே ஒருவராவது, ஊசியை விடுங்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தால் அந்த ஆளைக் காட்டுங்கள். யாராக இருந்தாலும் சரி. நாளைக்கே சபை நடுவில் நிற்க வைத்து, உங்கள் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்க வைக்கிறேன்!"

ஹெப்சிபாவின் முன்னாலும் ஓர் ஒலிவாங்கி இருந்தது. யாரும் அதை அணைத்து வைக்கவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றாள்.

கௌசிகனின் கை பொத்தானுக்குப் போய், பாதியில் நின்றது.

"கூட்டம் முடிஞ்சு சமையல்கட்டுல நான் டீ ஊத்திக்கிட்டு நின்னேன். ஐயா வந்து, 'பாஸ்டரம்மா, அப்ப ஊசியை விடலாமோ'ன்னு கேட்டாங்க. 'விசுவாசிங்க ஐயா'ன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்."

"அக்கா" என்றது தொலைபேசிக் குரல். இப்போதுதான் அது லேசாக நடுங்கியது. "நீங்கள் வயசானாக்களைப் பாக்கிற இடத்திலதானே வேலை செய்யிறனீங்கள்? நீங்களே இன்சுலின் போடுறனீங்கள்தானே?"

"ஆமாம்மா. அன்னிக்குக் காலையிலகூட நாலு பேருக்குப் போட்டுட்டுதான் வந்தேன்."

"தெரிஞ்சுகொண்டோ சொன்னீங்கள்?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். பாட்டுச் சத்தம், கைதட்டு, எல்லாரும் அழுதுக்கிட்டிருந்தாங்க. அந்த நேரத்துல 'வேண்டாம் ஐயா, ஊசி போடுங்க'ன்னு சொன்னா என் வீட்டுக்காரரை நானே மறுதலிச்ச மாதிரி ஆயிரும்னு பயந்தேன். அதைவிட உங்க அப்பா உயிரு பெருசுன்னு அப்போ தோணல. என்னை மன்னிச்சிருங்க."

பொன்சிங்கின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அவர் கை நீண்டு மனைவியின் கைமேல் படிந்தது. குரல் கனிந்தது.

"கேட்டீர்களா, தம்பி? மூடி மறைக்கிற குடும்பமா இது? என் மனைவி பலவீனமான ஒரு நிமிடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். தானே முன்வந்து ஒத்துக்கொண்டாள். நான் கொடுத்த வாக்கு வாக்குதான். நாளை பத்து மணிக்குச் சபைக்கு முன்னாலும் சொல்வாள்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. சுகந்தினி தொலைபேசியை வைத்துவிட்டிருந்தாள்.

*

கார் கிளம்பியதும் திட்டு விழும் என்று ஹெப்சிபா காத்திருந்தாள். விழவில்லை. கடைத்தெரு முனை திரும்பும்போது பாஸ்டர் ஒரு கீர்த்தனையை முணுமுணுக்கத் தொடங்கினார்.

"கோபம் வரலியா உங்களுக்கு?"

"முதல்ல வந்துச்சு. பிறகுதான் புரிஞ்சுது, கர்த்தர்தான் உன் வாயைத் திறந்திருக்கார்னு. பத்து நாளா எல்லாவனும் என்னைச் சொல்லுதான். இப்போ என்ன ஆச்சு? பாஸ்டர் சொல்லலன்னு ரேடியோவுலயே ருசுவாயிட்டு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனுகாவ் துறைமுகத்தில் நீர் வடிந்து, சேறு வெயிலில் பளபளத்தது.

"நாளைக்குப் பாட்டு முடிஞ்சதும் உன்னைக் கூப்பிடுதேன். நீ முழங்கால் போடு. ரேடியோவுல சொன்னதை அப்படியே சொல்லு. நான் இறங்கி வந்து உன்னைத் தூக்கி நிறுத்துதேன். சபையார் எல்லாரும் கை நீட்டி ஜெபிப்பாங்க. பெனிட்டாவை ரெண்டு கேமரா வைக்கச் சொல்லணும், ஒண்ணு உன் முகத்துக்கு."

"முழங்கால் போடணுமா?"

"ஜனங்க பார்க்கட்டும், ஹெப்சி."

யார் முன்னாலும் மண்டியிட மாட்டேன் என்று அரைமணி நேரத்துக்கு முன்னால் சொன்னவர் இவர்தானா? கேட்கத் தோன்றியது. ஆனால் செய்த தப்புக்கு இது தேவைதான் என்று நினைத்துக்கொண்டாள். "சரி" என்றாள்.

பத்து நாளாகக் குத்திக்கொண்டிருந்த முள் வெளியே வந்துவிட்ட நிம்மதி அவளுக்கு இருந்தது. ஒன்றுதான் உறுத்தியது. 'ஏன் என்கிட்ட இத்தனை நாள் சொல்லல?' என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

"சுகந்தினி கதைக்கிறன். கௌசிகனிட்ட உங்கட நம்பர் வாங்கினனான். அப்பா ரேடியோ கேட்டவர். உங்களைப் பாக்கவேணும் எண்டு நிக்கிறார். நான் வேண்டாம் எண்டுதான் சொன்னன், கேக்கிறாரில்லை. வாறதெண்டா ரெண்டு மணிக்கு வாங்கோ. நீங்கள் மட்டும்."

பாஸ்டர் விஷயத்தைக் கேட்டதும் ஸ்டியரிங்கைத் தட்டினார். "போக வேண்டாம்" என்றார். பிறகு யோசித்து, "இல்ல, போ. மன்னிப்பு வாங்கிட்டு, அவர் கையைப் பிடிச்சு ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துரு. நாளைக்குத் திரையில போடலாம்."

"நீங்களும் வாங்களேன். அவங்க வீட்டம்மா செத்தப்போ முதல்ல போய் நின்னது நீங்கதானே."

"என்னைக் கண்டா அந்தப் பொண்ணு கத்தும். நான் கீழே கார்லயே இருக்கேன்."

*

ஆறு பேர் படுக்கும் வார்டில் ஜன்னலோரக் கட்டில். தியாகலிங்கம் பாதியாக இளைத்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. நெற்றியில் யாரோ புதிதாகத் திருநீறு பூசிவிட்டிருந்தார்கள்.

சுகந்தினி கட்டிலுக்கும் ஹெப்சிபாவுக்கும் குறுக்கே நின்றாள். விமான நிலையச் சீருடை. வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள்.

"திட்டணும்னா திட்டிருங்கம்மா" என்றாள் ஹெப்சிபா.

"எனக்கு அதுக்குத் தெம்பில்லை அக்கா. அஞ்சு நிமிசம் கதைச்சிட்டுப் போங்கோ."

"பிள்ளை" என்று கூப்பிட்டார் பெரியவர். குரல் உப்புத்தாளில் தேய்த்ததுபோல் இருந்தது. "கீழ போய் எனக்கொரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வா. சீனி போடாம."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் காலடிச் சத்தம் ஓயும் வரை பெரியவர் காத்திருந்தார்.

"பாஸ்டரம்மா, ஏன் எல்லாத்தையும் உங்கட தலையில தூக்கிப் போட்டீங்கள்?"

"நான் சொன்னேன்தானே, ஐயா."

"ஓம், சொன்னீங்கள். அதைக் கேட்டுத்தான் விட்டன், அதில பொய்யில்லை. ஆனா பத்தாம் நாள் எனக்கு ஏலாமப் போச்சு. தண்ணி தண்ணி எண்டு குடிச்சன். கண் மங்கிப்போச்சு. இது சரிவராது, போடுவம் எண்டு ஊசியைக் கையில எடுத்திட்டன். விழுறதுக்கு ரெண்டு நாள் முன்னம், திங்கக்கிழமை. அப்பத்தான் பாஸ்டர் போன் எடுத்தவர்."

ஹெப்சிபா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு?"

"உங்கட மனுசன்தான். வாற ஞாயிறு சபையில எழும்பி, சுகம் கிடைச்சதெண்டு சாட்சி சொல்லவேணும் எண்டு கேட்டவர். நான் உள்ளதைச் சொன்னன். ஐயா, பத்து நாளா ஊசி போடேல்ல, தலை சுத்துது, திரும்பப் போடப் போறன் எண்டு சொன்னன். 'இது சோதனை. ஞாயிறு வரைக்கும் பொறுங்க. இப்ப போட்டா சாட்சி கெட்டுரும்' எண்டார். ஊசியைத் திரும்பப் பெட்டிக்குள்ள வச்சிட்டன்."

ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் தெரியும். கர்த்தர் சாட்சி. காலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சொல்கூடப் பிசகாமல் சொன்னார்.

"மகள்கிட்ட ஏன் சொல்லல, ஐயா?"

"அவள் பொலிஸ் எண்டு நிப்பாள். எனக்கு அவரை விழுத்த மனமில்லை. மனிசி செத்தண்டு எங்கட கோயில் ஆக்கள் வர முதல் வந்து நிண்டவர். சவப்பெட்டியை அவரும் ஒரு பக்கம் தூக்கினவர். அதை நான் மறக்கேல்ல." மூச்சு வாங்கினார். "ஆனா உங்களை முன்னுக்குத் தள்ளிப்போட்டு அவர் பின்னால நிக்கிறது சரியில்லை. அதுதான் கூப்பிட்டனான்."

ஹெப்சிபாவின் கண்ணில் நீர் வரவில்லை. வந்தது வேறொன்று. இத்தனை வருடத்தில் அவள் தனக்கு அனுமதித்திராத கோபம்.

"அவர் செஞ்சது இருக்கட்டும். நான் செஞ்சது நான் செஞ்சதுதான், ஐயா. உங்க கால்ல விழணும்."

"விழவேண்டாம். இனி ஆரும் வந்து கேட்டா, போடச் சொல்லுங்கோ. அது காணும்."

சுகந்தினி தேநீரோடு வந்தாள். ஹெப்சிபாவின் முகத்தைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா என்ன சொன்னவர்?"

"நாளைக்குப் பத்து மணிக்கு எங்க சபைக்கு வர முடியுமாம்மா?"

"நானோ? நான் ஏன் அங்க வரவேணும்?"

"நான் ரேடியோவுல சொன்னது பாதிதான். மீதியை இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதை அங்க வச்சு, உங்க முன்னால சொல்லணும்."

*

பாஸ்டர் காரின் இருக்கையைச் சாய்த்துக் கண்மூடியிருந்தார். கதவு திறந்த சத்தத்தில் எழுந்தார்.

"போட்டோ எடுத்தியா?"

"இல்ல." அவள் கதவைச் சாத்தவில்லை. "திங்கக்கிழமை அவருக்கு போன் பண்ணீங்களா?"

எந்தத் திங்கட்கிழமை என்று அவர் கேட்கவில்லை. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சியைப் பார்த்தார்.

"யார்ட்ட எல்லாம் சொல்லிருக்கார்?"

அதற்குமேல் பதில் தேவைப்படவில்லை.

"என்கிட்ட மட்டும்தான். கர்த்தரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பொய் சொன்னீங்களே. நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கையில."

"ஹெப்சி, நான் சொல்லுதைக் கேளு. நானூறு குடும்பம். வேலை போனவன், விசா கிடைக்காதவன், தற்கொலைக்குப் போயித் திரும்பினவன், எல்லாரும் என் முகத்தைப் பார்த்துத்தான் நிக்கான். நான் விழுந்தா அத்தனை பேர் விசுவாசமும் விழும்."

"அவர் விழுந்தாரே."

"அவர் எழும்பிட்டார்ல!"

"நீங்க எழுப்பலியே. டாக்டர் எழுப்பினாரு, ஊசி போட்டு."

அவர் குரல் இறங்கியது. இப்போது பேசியது சுகமளிக்கும் கூட்டங்களில் அறுநூறு பேரை அழவைக்கிற அந்தக் குரல் அல்ல. கராஜில் ஏழு பேருக்குப் பேசிய குரல். "நான் அவரு சாகட்டும்னு நினைச்சேனாட்டி? குணமாயிரும்னு நிஜமாவே நம்பினேன். சத்தியமா நம்பினேன்."

"அது எனக்குத் தெரியும். அதைச் சொல்லுங்க. நம்பினேன், தப்பாப் போச்சு, போன்ல பொறுக்கச் சொன்னதும் நான்தான்னு சபைக்கு முன்னால சொல்லுங்க. நான் உங்க பக்கத்துல நிக்கேன். சபையே எழும்பிப் போனாலும் நான் போகமாட்டேன்."

ஆம்புலன்ஸ் ஒன்று சத்தமில்லாமல் உள்ளே வந்து நின்றது. ஒரு கணம், அவர் சரி என்று சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது. பிறகு அவர் தோள் அந்த ஒரு அங்குலம் உயர்ந்தது.

"முடியாது. என்னைத் திட்டி எழுதுத அந்தக் கூட்டத்துக்கு நான் தலை குனிய மாட்டேன். நாளைக்கு நாம பேசினபடிதான் நடக்கும். நீ முழங்கால் போடுதே, நான் ஜெபிக்கேன். இதோட முடியுது."

"நான் முழங்கால் போடுவேன், என் தப்புக்கு. எழும்பி நின்னு உங்க தப்பையும் சொல்லுவேன்."

"மைக்கை அணைக்கச் சொல்லிருவேன், ஹெப்சி."

"சொல்லுங்க."

கதவைச் சாத்திவிட்டு நடந்தாள். பின்னால் அவர் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. மேடையிலிருந்து கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்கிறவள், இன்று நடையின் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்கு போன் போட்டாள்.

"மம்மி! ஐ ஹெர்ட் த ரேடியோ." பெனிட்டாவின் குரல் தழுதழுத்தது. சபைக் கூடத்தில் அவள் வயர் இழுக்கும் எதிரொலி கேட்டது. "ஆர் யூ ஓகே?"

"நல்லாருக்கேன். டாடி இப்போ உனக்கு போன் பண்ணுவாங்க. ரெண்டு கேமரா வைக்கச் சொல்லுவாங்க. வை."

"வாட்? ஒய்?"

"நாளைக்கு நான் பேசுவேன். ரேடியோவுல பேசினதைவிட அதிகமாப் பேசுவேன். மேடை மைக்கை யாராவது அணைச்சுருவாங்க. லைவ்ல சத்தம் போகணும்னா என்ன செய்யணும்?"

மறுமுனையில் வயர் இழுக்கும் சத்தம் நின்றது. பிறகு, பிறந்ததிலிருந்து ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிப் பழகிய அந்தப் பெண், தட்டுத் தடுமாறித் தமிழில் பேசினாள்.

"உங்க சாரில ஒரு சின்ன மைக் குத்தி விடுறேன். அது நேரா என் லேப்டாப்புக்கு வரும். நான் மட்டும்தான் அதை ஆஃப் பண்ண முடியும்."

"பண்ணக் கூடாது. யார் சொன்னாலும்."

"டாடி சொன்னாலுமா?"

பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது. ஹெப்சிபா எழுந்தாள்.

"டாடி சொன்னாலும்."